எல்லையில் கணவர், கையில் துப்பறியும் நாவல்

துப்பறியும் நாவல் படிப்பது பொழுதைப் பாழாக்கும் பழக்கம் என்று எண்ணும் பெரியோர் இன்றும் நம்மிடையே உண்டு. நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். பள்ளி ஆசிரியனாயிருந்த நாட்களில் மாணவர்களின் பைகளிலிருந்து நான் பறித்து வைத்த மாத நாவல்கள் ஓர் அலமாரியை நிரப்பும். என் எண்ணத்தை மாற்றியவர் என் அக்காள். அவர் ஒரு படைவீரரின் மனைவி.

அக்காளின் இல்லம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்கு அருகில் உள்ளது. அவ்வூரின் ஞாயிற்றுச் சந்தையை அறியாதார் அப்பக்கத்தில் இலர். ஆடு மாடுகளோடு தங்க நகையும் விலையாகும் சந்தை அது. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 7-ஆம் அணி தங்கியிருப்பதும் போச்சம்பள்ளியில்தான். மக்கள் வாயில் அது 'பட்டாலியன்'. இன்று ஊருக்கருகே சிப்காட் வளாகத்தில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் பெருந்தொழிற்சாலை எழுந்துள்ளது. ஆயினும் சீருடை அணிந்த ஆடவரை வழியனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் பெண்களுக்கு அந்த ஊரில் பஞ்சமில்லை.

1999-ஆம் ஆண்டு மே மாதத்தில் கார்கில் மலைகளில் போர் மூண்டது. ஜூலை 26-ஆம் நாள் அது முடிவுறுவதற்குள் நம் படையினர் 527 பேர் உயிர் துறந்தனர். அப்போது அக்காளின் கணவர் பீரங்கிப் படையில் இருந்தார். வீட்டில் தொலைபேசி கிடையாது. அவரிடமிருந்து வரும் கடிதங்களில் ஊரின் பெயர் இராது, '56 ஏ.பி.ஓ.' என்னும் படைத்துறை அஞ்சல் முகவரி மட்டுமே இருக்கும். மனிதர் பஞ்சாபின் வயல்வெளியில் இருக்கிறாரா, பனிமலையில் இருக்கிறாரா என்பதை அந்த எண் சொல்லாது. சொல்லலாகாது என்பதற்காகவே ஏற்பட்ட எண் அது.

அந்நாட்களில் ஒருமுறை அக்காளைக் காணச் சென்றிருந்தேன். இரவுச் செய்தி முடிந்ததும் தொலைக்காட்சியை அணைத்தார். மாமியாருக்கு மாத்திரை கொடுத்தார். பிள்ளைகளை உறங்க வைத்தார். பிறகு ஒரு மாத நாவலை எடுத்துக்கொண்டு விளக்கடியில் அமர்ந்தார். அட்டையில் கத்தியும் இரத்தமும்! கணவரின் உயிருக்கு உறுதியில்லாத வேளையில் கொலைக் கதையா என்று எனக்கு உள்ளூரச் சினம் எழுந்தது. அதைவிட விந்தை, அவர் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்தார். அதை முடித்த பிறகே முதல் பக்கத்திற்கு வந்தார்.

"இப்படிப் படித்தால் கதையில் என்ன சுவை இருக்கும், அக்கா?" என்றேன்.

"யார் செத்தது, யார் மிஞ்சியது என்று தெரிந்துவிட்டால் நிம்மதியாகப் படிக்கலாம், தம்பி" என்றார்.

அந்த விடையின் பொருள் எனக்கு விளங்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அண்மையில், ஓசூரில் பணிபுரியும் அக்காள் மகள் ஆங்கில நாவல்கள் சிலவற்றை வீட்டிற்குக் கொணர்ந்தாள். விடுமுறை நாட்களில் மாலைதோறும் அவற்றைத் தாய்க்குத் தமிழில் கதையாகச் சொல்லிவந்தாள். நானும் உடனிருந்து கேட்டேன். பின்னர் வாங்கிப் படித்தும் பார்த்தேன். ஆங்கிலத்தில் இவ்வகைக்குக் 'கோஸி மிஸ்டரி' என்று பெயர். (தேநீர்ப் பானை ஆறாதிருக்க அதன்மேல் கவிழ்க்கும் கம்பளிக் குல்லாயையும் ஆங்கிலேயர் 'கோஸி' என்பர். பெயர்ப் பொருத்தம் நன்றாகவே இருக்கிறது.) கொலை நிகழும்; ஆனால் குருதி கொட்டும் வருணனை இராது. சிறிய ஊர், ஒருவரையொருவர் அறிந்த மனிதர்கள். உண்மையைக் கண்டறிபவர் காவல்துறையைச் சேர்ந்தவரல்லர், சமைத்துக்கொண்டும் தோட்டம் வைத்துக்கொண்டும் காலந்தள்ளும் ஒரு சாதாரண மனிதர், பெரும்பாலும் பெண்.

அவள் கொணர்ந்தவற்றுள் ஒன்று சாரா ரோசெட் எழுதி 2006-இல் வெளிவந்த 'மூவிங் இஸ் மர்டர்'. எழுத்தாளரே விமானப்படையினர் ஒருவரின் மனைவி. கதையின் நாயகி எல்லி ஏவரியும் அத்தகையவளே. கணவர் விமானி, கையில் குழந்தை. மாற்றல் உத்தரவு வந்து புதிய ஊருக்குக் குடிபெயர்கிறாள். பெட்டிகளைப் பிரித்து முடிப்பதற்குள் அக்கம்பக்கத்தில் ஒரு சாவு. பிறர் வீடுகளை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது எல்லியின் தொழில். எந்தப் பொருள் எங்கிருக்க வேண்டும் என்று அறிந்தவளுக்கு, எது இடம் மாறியிருக்கிறது என்பதும் கண்ணில் படுமல்லவா?

மற்றொன்று ஷெர்ரி ஹாரிஸ் எழுதிய 'டாக்டு ஃபார் டெத்' (2014). இதில் வரும் சாரா வின்ஸ்டன், விமானப்படை அதிகாரி ஒருவரிடமிருந்து மணவிலக்குப் பெற்றவள். நம் திருச்சபைப் பத்திரிகையில் இதனைக் குறிப்பிடத் தயக்கந்தான். ஆனாலும் பிரிந்த கணவர்மீது கொலைப்பழி விழும்போது அவர் குற்றமற்றவரென நிறுவ அவளே முன்வருகிறாள். வீட்டு வாசல்களில் பழம்பொருள் விற்கும் சந்தைகளைச் சுற்றிவருவது அவளுக்கு உயிர். பேரம் பேசுபவர் முகத்தை அளந்து பொய்யை அறியும் அந்தக் கலையைப் பற்றிக் கேட்டபோது அக்காள் சிரித்துவிட்டார். "இதற்கு அமெரிக்கா எதற்கு? ஞாயிற்றுக்கிழமை நம் சந்தையில் ஆடு வாங்கிப் பார்க்கட்டும்" என்றார்.

வாசக நேயர்களே, படைவீட்டுக்கும் துப்பறியும் கதைக்கும் உள்ள உறவு புதிதன்று. 1887-இல் ஷெர்லாக் ஹோம்ஸ் முதன்முதலாகத் தோன்றிய கதையை எடுத்துரைக்கும் டாக்டர் வாட்சன், ஆப்கானியப் போரில் காயமுற்றுத் திரும்பிய படை மருத்துவர். அகதா கிறிஸ்டியோ தாமே போர்க்கால மனைவி. 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் திருவிழாவுக்கு முந்தைய நாள் அவர் மணந்த கணவர் ஆங்கிலேய வான்படையில் பணியாற்றினார். கணவர் பிரான்சுப் போர்முனையில் இருக்க, கிறிஸ்டி தம் ஊர் மருத்துவமனையில் செவிலியாகவும், பின்னர் மருந்து கலந்து கொடுப்பவராகவும் தொண்டு புரிந்தார். நஞ்சுகளைப் பற்றி அவர் கற்றது அங்கேதான். 1916-இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, தம் முதல் துப்பறியும் நாவலை எழுதினார். அது 1920-இல் அச்சேறியது. கணவரின் கடிதத்தை எதிர்நோக்கியிருந்த இளம்பெண் ஒருத்தி, எல்லாக் கேள்விக்கும் கடைசிப் பக்கத்தில் விடை கிடைக்கும் ஒரு கதையை இயற்றினாள் என்பதை எண்ணும்போது, அக்காளின் விளக்கடி என் நினைவுக்கு வருகிறது.

அவருடைய நூல்களுள் நம் பொருளுக்கு மிகவும் நெருங்கியது 1941-இல் வெளிவந்த 'என் ஆர் எம்?'. இரண்டாம் உலகப் போர்க்காலம். டாமி, டப்பென்ஸ் என்னும் நடுவயதுத் தம்பதியர். மகன் வான்படையில், மகள் சங்கேத எழுத்துத் துறையில். பெற்றோரைப் பயனற்ற பழங்காலத்தவராகவே பிள்ளைகள் கருதுகின்றனர். ஆனால் கடற்கரை விடுதி ஒன்றில், கம்பளி பின்னும் கைம்பெண்ணாக நடித்து, எதிரியின் ஒற்றரைத் தேடுபவள் அந்தத் தாயே! பிள்ளைகளுக்கு இது தெரியாது. போருக்குப் பிள்ளையை அனுப்பிய தாயின் அச்சத்தையும் அவளது கூர்மையையும் ஒன்றாகக் காட்டிய நாவல் இது.

இந்நூலில் பிளெட்ச்லி என்று ஒரு மேஜர் வருகிறார். அந்நாளில் ஆங்கிலேயர் எதிரியின் சங்கேதச் செய்திகளை இரகசியமாக உடைத்துவந்த இடத்தின் பெயரும் பிளெட்ச்லியே. உளவுத்துறையினர் திடுக்கிட்டனர். அங்குப் பணிபுரிந்த டில்லி நாக்ஸ், கிறிஸ்டியின் நண்பர். அவர் நயமாக விசாரித்தார். அந்த ஊர் நிலையத்தில் இரயில் நெடுநேரம் நின்று சலிப்பூட்டியதால் பிடிக்காத ஒரு பாத்திரத்திற்கு அதன் பெயரைச் சூட்டியதாக விடை வந்தது! இந்த டில்லியின் உடன்பிறந்தவரே கத்தோலிக்கக் குருவானவர் ரொனால்ட் நாக்ஸ். துப்பறியும் கதை எழுதுவோர்க்கு 1929-இல் பத்து விதிகளை வகுத்தவர் அவர். கண்டெடுத்த துப்பை வாசகரிடமிருந்து மறைக்கலாகாது என்பது அவற்றுள் ஒன்று.

இவ்வகை நாவல்களில் எனக்குக் குறையும் தென்படுகிறது. மூன்றாம் அத்தியாயத்திற்குப் பின் இறந்தவருக்காக அழுவார் இல்லை. சாவு ஒரு குறுக்கெழுத்துப் புதிராகிவிடுகிறது. டாரதி சேயர்ஸ் அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. 1928-இல் அவர் எழுதிய நாவலில், போர் ஓய்ந்த நினைவு நாளன்று படையினர் மன்றமொன்றில் முதிய தளபதி நாற்காலியிலேயே இறந்து கிடக்கிறார். கொலைகாரரைவிட என் மனத்தில் நின்றவர் அத்தளபதியின் பேரர். போரில் நரம்பு தளர்ந்து, மனைவியின் சம்பாத்தியத்தில் உண்ண நேர்ந்ததை எண்ணிக் குமுறும் அவரும், அக்குமுறலைத் தாங்கிக்கொண்டு வேலைக்குச் செல்லும் அந்த மனைவியும் நம் ஊர்களிலும் இருக்கின்றனர்.

தமிழில் நிலை என்ன? தேவன் 1942-இல் ஆனந்த விகடனில் உலவவிட்ட வங்கிக் குமாஸ்தா சாம்பு, வேடிக்கையான துப்பறிவாளர். அசட்டுத்தனத்தாலேயே வெற்றி பெற்றவர். தமிழ்வாணனின் சங்கர்லாலுக்கோ துப்பறிவதே தொழில். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் வழக்கறிஞர்கள். ராஜேஷ்குமாரின் விவேக் காவல் அதிகாரி. பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்-சுசீலா இணையும், சுபாவின் நரேந்திரன்-வைஜயந்தி இணையும் துப்பறியும் நிறுவனத்தினர். வீட்டிலிருந்தபடியே உண்மையைக் காணும் பெண், அதிலும் படைவீரர் மனைவி, நம் நாவல்களில் அரியவள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கும் அளவுக்குப் படைக்கு ஆள் அனுப்பிய நாடு நம்முடையது. இருந்தும் கதைகளில் படைவீரன் மனைவிக்குக் கண்ணீரைத் தவிர வேறு வேலை கொடுத்தோமா?

வேலை எவ்வளவு இருந்தது என்பதை அக்காள் வாயாலேயே அறிந்தேன். 1999 ஜூன் மாதத்தில் வந்த ஒரு கடிதம் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. அவர் எப்போதும் நீல மைப் பேனாவில் எழுதுபவர். 'நலம், கவலை வேண்டாம்' என்னும் வழக்கமான வரிகளுக்கிடையே, தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடுவதால் குச்சியால் குத்தி எடுத்துத் தலைக்குத் தேய்ப்பதாக விளையாட்டாக எழுதியிருந்தார். பஞ்சாபில் ஜூன் மாதத்தில் வெயில் தீயாகக் கொளுத்தும். அங்கே எண்ணெய் எப்படி உறையும்? பேனாவின் மையும் உறைந்ததால்தானே பென்சில்? அடுப்படியில் நின்றவாறே அக்காள் முடிவுக்கு வந்துவிட்டார்: கணவர் பனிமலையில் இருக்கிறார்.

அந்த முடிவை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நாக்ஸ் சுவாமியின் விதிக்கு நேர்மாறாக, துப்பை எல்லாரிடமிருந்தும் மறைத்தார். கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்ன மாமியாரிடம் எண்ணெய் வரியை விட்டுவிட்டுப் படித்தார். "பஞ்சாபில்தான் இருக்கிறார், அத்தை" என்றார். என்னிடமும் அதையே சொன்னார். அந்த இரவில்தான் நான் அவருடைய நாவலைக் கண்டு சினந்தது. யார் இறந்தார், ஏன் இறந்தார் என்று கேட்டால் விடை கிடைக்கும் இடம் அந்நாளில் அவருக்கு அந்த மலிவுத்தாள் புத்தகம் ஒன்றே.

அக்டோபரில் கணவர் விடுப்பில் வந்தார். முகத்தில் தோல் உரிந்து கருத்திருந்தது. "நான் எங்கிருந்தேன் தெரியுமா?" என்று அவர் தொடங்கியதும், அக்காள் அரிசிப் பானைக்கு அடியிலிருந்து அந்தப் பென்சில் கடிதத்தை எடுத்து அவர்முன் வைத்தாராம்.

சென்ற கோடையில் அக்காள் மகள் எல்லியின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஓய்வுபெற்று நெடுங்காலமான அந்த மனிதர் திண்ணையில் அமர்ந்து மாங்காய்களைப் பழுக்க வைக்க வைக்கோலில் அடுக்கிக்கொண்டிருந்தார். கதை கடைசி அத்தியாயத்தை நெருங்கியது. தாயின் வழக்கத்தை அறிந்த மகள், "கொலை செய்தது யார் என்று இப்போதே சொல்லிவிடட்டுமா, அம்மா?" என்றாள்.

அக்காள் திண்ணைப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"வேண்டாம், நாளைக்குச் சொல்" என்றார்.