மாடி ரயில் வருமா?

நாவலூருக்கு இன்னும் ரயில் வரவில்லை. ரயிலேற வேண்டுமானால் பஸ் பிடித்துத் தாம்பரத்துக்கோ கிண்டிக்கோ போய்ச் சேர வேண்டும். ஆயினும் நமது வகுப்பில் ரயிலைப் பற்றிய விவாதத்துக்குக் குறைவில்லை. "இடம் போதாவிட்டால் வீட்டுக்கு மாடி எடுக்கிறோமே, ஸார்! மின்சார ரயிலுக்கு ஏன் எடுக்கக் கூடாது?" என்றான் ஒரு மாணவன்.

நியாயமான கேள்விதான். கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931-ம் வருஷத்திலேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அன்று மீட்டர் கேஜ். இன்று அகலப் பாதை. ஆனாலும் கூட்டம் அடங்கவில்லை. 2018 ஜூலையில், படியில் தொங்கிச் சென்ற பிரயாணிகள் பரங்கிமலை ஸ்டேஷனில் பக்கச் சுவரில் மோதி மாண்டதை மறக்க முடியுமா? இது உயிரைப் பற்றிய விஷயம்.

1949-ல் புல்லீட் என்ற பொறியாளர் அமைத்த மாடி ரயில் லண்டன் புறநகரில் ஓடிற்று. இடம் பெருகியது, வாசல் பெருகவில்லை. ஜனங்கள் ஏறி இறங்கத் தாமதமாயிற்று. அந்த மாதிரியில் வேறு வண்டிகள் கட்டப்படவில்லை. ஓடியவையும் 1971-ல் ஓய்வு பெற்றன.

ஸிட்னி நகரத்தார் 1964 முதல் வேறு வழி கண்டனர். சக்கரங்களுக்கு மேலே, வண்டியின் இரு முனைகளிலும் கதவுகள். நடுவிலே தரையைத் தண்டவாளத்தை ஒட்டித் தாழ்த்தி, படியிறங்கினால் கீழ்த்தட்டு, ஏறினால் மேல்தட்டு. தரைக்கடியில் தொங்க வேண்டிய மின்சார யந்திரங்களுக்கு வேறு இடம் தேட வேண்டும் என்பதுதான் தொல்லை.

நம் நாட்டிலும் 2013-ல் சென்னை - பெங்களூர் மாடி ரயில் புறப்பட்டது. பெட்டிக்கு 120 ஆசனங்கள். ஆனால் அது நெடுந்தூர வண்டி. நிற்கும் ஸ்டேஷன்களோ சில. புறநகர் வண்டி அடிக்கடி நிற்க வேண்டும். நிற்பதோ அரை நிமிஷம். படிக்கட்டு, நின்று செல்வோரின் இடத்தையும் விழுங்கிவிடும்.

கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டோம். மாடியினால் வண்டிக்கு மூன்றிலொரு பங்கு ஜனம் கூடுகிறதென்று வைத்துக்கொள்வோம். தாமதத்தினால் மணிக்குப் பன்னிரண்டு வண்டிகள் ஒன்பதாகக் குறைந்தால்? மொத்த ஜனம் பழையபடியே!

ஆகையால் நமக்கு முதலில் வேண்டியவை அதிக வண்டிகளும், நிறைய வாசல்களும், தாமாக மூடும் கதவுகளுமே. அத்தகைய கதவுகளுள்ள குளிர்சாதன வண்டி 2025 ஏப்ரலில் கடற்கரை - செங்கற்பட்டுப் பாதையில் ஓடத் தொடங்கியது நல்ல ஆரம்பம்.

நாவலூர் வழியாகச் சிறுசேரிக்கு மெட்ரோ ரயில் திட்டமிடப்பட்டிருக்கிறது. அது வரும் நாளில், மாடி இல்லையே என்று நம்மூரார் குறைப்பட மாட்டார்கள். ஒரு வண்டியைத் தவற விட்டால், அடுத்தது சீக்கிரம் வர வேண்டும்; அவ்வளவுதான்.