காட்டுக்குள் போக யார் அனுமதித்தது?

மட்டாஞ்சேரி பஜார் சாலைக்கு ஏலமும் மிளகும் எந்த மலைகளிலிருந்து இறங்குகின்றனவோ, விடுமுறை வந்தால் கொச்சிக்காரர்கள் ஏறுவதும் அதே மலைகளுக்குத்தான். ஏஜென்சியில் பணம் கட்டினால் மூணாறு, கொழுக்குமலை, ஜீப், ட்ரெக்கிங் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு ரசீது கிடைக்கும். அது உங்களுக்கும் ஏஜென்சிக்கும் உள்ள கணக்கு. காட்டுக்குள் நுழைய அனுமதி தரவேண்டியது வனத்துறை.

இந்த வேறுபாட்டின் விலை 2018 மார்ச் 11 அன்று தெரிந்தது. கொழுக்குமலையிலிருந்து தேனி மாவட்டம் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. ஒரு குழு சென்னையிலிருந்தும் மற்றது ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் வந்தவை. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதி இருந்தது குரங்கணி–டாப் ஸ்டேஷன் பாதைக்கு, இவர்கள் போனது வேறு பாதை என்றது அரசுத் தரப்பு. பணம் கட்டி வந்தவர்களில் எத்தனை பேருக்கு இப்படியொரு விஷயம் இருப்பதே தெரிந்திருக்கும்? அதிகம் இருக்காது என்றே நினைக்கிறேன்.

கொழுக்குமலையில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜீப் ஏறுவது கேரளத்தின் சூரியநெல்லியில். தேயிலைத் தோட்டம் இருப்பதோ தமிழ்நாட்டில். எல்லையைத் தாண்டினால் வனத்துறையே வேறு. குரங்கணிக்குப் பிறகு அதே ஆண்டில் தமிழ்நாடு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ இணையதளத்தில் 40 பாதைகளுக்கு நாமே பதிவு செய்துகொள்ளலாம். உள்ளூர் இளைஞர்கள் வழிகாட்டிகளாகக் கூட வருவார்கள். கேரளத்தில் மீசப்புலிமலைக்கு வன வளர்ச்சிக் கழகத்தையும், சைலன்ட் வேலிக்கு முக்காலி வன அலுவலகத்தையும் கேட்கவேண்டும். இரவிகுளம் வரையாடு குட்டி போடும் பருவத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், மூடிவிடும். அந்த நாட்களுக்கும் ஒருவர் டிக்கெட் விற்றால் அவரிடம் மற்ற டிக்கெட்டையும் வாங்காதீர்கள்.

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ அனுமதியின்றி நுழைவது குற்றம். மூன்றாண்டு வரை சிறை, 2022 திருத்தத்துக்குப் பின் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பிடிபடுவது நடந்து போனவர்தான். ஆகவே கிளம்பும் முன் வனத்துறைச் சீட்டைக் கேட்டு வாங்கி, பாதையின் பெயர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். வழியில் “குறுக்குவழி ஒண்ணு இருக்கு” என்று வழிகாட்டி ஆசை காட்டினால் மாட்டேன் என்று சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். அபராதம் கட்ட நேர்ந்தால் ரசீது இல்லாமல் கட்டாதீர்கள்.

காட்டில் தீ மூட்டுவது தனிக் குற்றம். மலைப்புல் எரிந்தாலும் அடுத்த மழையில் தளிர்த்துவிடும். மடிப்புகளில் நிற்கும் பழஞ்சோலை மரங்களோ தீயைத் தாங்கா. தீ மேல்நோக்கி விரைவாக ஏறும். புகை தெரிந்தால் மேட்டைப் பார்த்து ஓடாமல் சரிவுக்குக் குறுக்காக நகர்ந்து பாறைவெளியையோ ஓடையையோ எரிந்து முடிந்த இடத்தையோ பிடிக்கவேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நம் நாட்டு நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. இந்த மலைகளின் குழிவிரியன்கள் அதில் அடங்காதவை. கணுக்கால் மறைக்கும் பூட்ஸ் வீண் செலவில்லை.

ஏஜென்சி ஏமாற்றினால்? முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். சம்பவம் இடுக்கியிலோ தேனியிலோ நடந்திருந்தாலும், 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் எர்ணாகுளம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமில்லை. ‘எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல’ என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று ஒதுங்கிவிடாதீர்கள்; சேவைக் குறைபாட்டைக் கேள்வி கேட்கும் உரிமை அதனால் போய்விடாது. விளம்பரம், வாட்ஸ்அப் பேச்சு, பணம் அனுப்பிய பதிவு மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். வழக்குத் தொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.