‘டென்ஷன்’ என்று சொன்னால் போதுமா?

கை கால் மரத்துப்போகிறது, ஊசி குத்துகிறது. சோதனை முடிவுகளோ ‘நார்மல்’. விடை தேடி அலைபவர்கள் பலருக்குத் தேவை இன்னொரு ஸ்கேன் அல்ல.

எந்தப் பெருநகரத்தின் நரம்பியல் கிளினிக்கிலும் இவர்களைப் பார்க்கலாம். கையில் தடிமனான ஃபைல். அதற்குள் எம்.ஆர்.ஐ. படங்கள், நரம்புக் கடத்தல் சோதனை, விதவிதமான ரத்தப் பரிசோதனை முடிவுகள். புகார் என்னவோ ஒன்றுதான்: கை மரத்துப்போகிறது, பாதத்தில் எறும்பு ஊர்கிறது, உதட்டைச் சுற்றி ஊசி குத்துகிறது. பொது மருத்துவர், எலும்பு மருத்துவர், நரம்பியல் நிபுணர் என்று ஒரு சுற்று முடிந்ததும் கிடைக்கும் தீர்ப்பும் பெரும்பாலும் ஒன்றுதான்: “ஒன்றுமில்லை, எல்லாம் டென்ஷன்.” கூடவே ஒரு பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை.

இந்தத் தீர்ப்பு சில சமயம் சரி. சில சமயம் ஆபத்தான தவறு. எது எப்போது என்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய செலவு தேவையில்லை. நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கும் பத்து நிமிடம் தேவை.

காரணம், முதல் துப்பு ஸ்கேனில் இருப்பதில்லை. மரத்துப்போகும் இடத்திலும் நேரத்திலும் இருக்கிறது. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் ஆகியவை இரவில் மரத்து, கையை உதறினால் சரியாகிறதா? மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது. கர்ப்பிணிகளுக்கும் தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்கும் இது சகஜம். சுண்டு விரலும் மோதிர விரலும் என்றால் சிக்கல் முழங்கையில் இருக்கக்கூடும். இரண்டு பாதங்களிலும் விரல் நுனியில் தொடங்கி, சாக்ஸ் மாட்டியதுபோல மெல்ல மேலேறினால் முதல் சந்தேகம் சர்க்கரை நோய். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்து 2023ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாது.

அடுத்த சந்தேகம் வைட்டமின் பி12. மாமிசம், மீன், முட்டை, பால் ஆகியவற்றில் மட்டுமே இயற்கையாகப் போதுமான அளவு கிடைக்கும் சத்து இது. சைவ உணவுக்காரர்கள் நிறைந்த நாட்டில் பற்றாக்குறை இருப்பதில் வியப்பில்லை. கல்லீரலில் உள்ள சேமிப்பு ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிப்பதால் குறைபாடு ஓசையில்லாமல் வளர்கிறது. ரத்தசோகை இல்லாமலே நரம்பு பாதிக்கப்படலாம். இருட்டில் நடந்தால் தள்ளாட்டம், நாக்கில் எரிச்சல் என்று வேறு குறிகளும் காட்டலாம். சர்க்கரை நோய்க்கு நெடுநாளாக மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கும் பி12 குறையக்கூடும் என்பதால், இவர்களில் அறிகுறி உள்ளவர்களுக்குப் பரிசோதனை செய்யும்படி பிரிட்டிஷ் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022ல் டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. சீக்கிரம் கண்டுபிடித்தால் ஊசி மருந்திலேயே சரியாகும். தாமதமானால் சேதம் நிரந்தரம்.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சத்து மாத்திரை விழுங்குவதும் தீர்வல்ல. பி வகையைச் சேர்ந்த இன்னொரு வைட்டமினான பி6 அளவு மீறினால் அதுவே நரம்பைக் கெடுத்து மரத்துப்போகச் செய்யும். 1983லேயே அமெரிக்க டாக்டர்கள் இதைப் பதிவு செய்துவிட்டார்கள். நாளொன்றுக்கு 12 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் வரம்பைக் குறைத்தது. மரத்துப்போவதற்காகச் சாப்பிடும் மாத்திரையே மரத்துப்போகச் செய்யும் விசித்திரம் இது.

இந்திய டாக்டர்கள் மறக்கக்கூடாத இன்னொரு காரணம் தொழுநோய். பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற இலக்கை 2005 இறுதியில் நாடு எட்டியது. நோய் ஒழிந்துவிட்டது என்ற எண்ணமும் பரவிவிட்டது. உண்மையில் 2023ல் உலகில் கண்டறியப்பட்ட புதிய தொழுநோயாளிகளில் பாதிக்கு மேல் இந்தியர்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகம். வெளிறிய, தொட்டால் உணர்வற்ற ஒரு தேமல்தான் பெரும்பாலும் முதல் அடையாளம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் அழிவது நோய்க்கிருமி நேரடியாகத் தின்பதால் அல்ல, வலி தெரியாததால் ஏற்படும் காயங்களால்தான் என்று காட்டினார். கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆறு முதல் பன்னிரண்டு மாதங்கள் சாப்பிட்டால் குணம். இந்த நோயாளியிடம் ‘டென்ஷன்’ என்று சொல்லி அனுப்புவதன் விலை, அவருடைய கை.

அப்படியானால் டென்ஷன் வெறும் சாக்குதானா? இல்லை. மன அழுத்தம் மரத்துப்போகச் செய்யும் வழி உடலியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பதற்றத்தில் மூச்சு வேகமாகிறது. அடிக்கடி வரும் பெருமூச்சாகவும் இருக்கலாம். சம்பந்தப்பட்டவர் கவனிப்பதே இல்லை. கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறுவதால் ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. ரத்தத்தில் தனித்துத் திரியும் கால்சியம் குறைகிறது. நரம்புகள் தூண்டுதல் இல்லாமலே துடிக்கின்றன. விளைவு: உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் ஊசி குத்தல், தலைசுற்றல், சில சமயம் விரல்கள் இழுத்துக்கொள்ளுதல். ‘பக்கவாதம் வந்துவிட்டது’ என்ற பயம் மூச்சை இன்னும் வேகமாக்குகிறது. வட்டம் பூர்த்தியாகிறது.

இது கற்பனையும் அல்ல, நடிப்பும் அல்ல. மூச்சை மெதுவாக்கினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் அடங்கிவிடும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியத்தை மட்டும் இப்போது டாக்டர்கள் பரிந்துரைப்பதில்லை. உண்மையில் அது மாரடைப்பாகவோ ஆஸ்துமாவாகவோ இருந்தால் ஆபத்து.

நரம்பில் சேதமே இல்லாமல், மூளை அதைக் கையாளும் விதத்தில் கோளாறு ஏற்பட்டு உணர்வு இழப்பதும் உண்டு. முன்பு ‘ஹிஸ்டீரியா’ என்று ஒதுக்கப்பட்ட இதை நரம்பியல் இயக்கக் கோளாறு என்கிறார்கள். மனக்கவலை இருந்தே தீர வேண்டும் என்ற நிபந்தனையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013ல் கைவிட்டது. ‘வேறெதுவும் இல்லை, ஆகவே இதுதான்’ என்ற வாதத்தையும் நிபுணர்கள் ஏற்பதில்லை. பரிசோதனையில் இதற்கே உரிய அடையாளங்கள் தெரிய வேண்டும். இத்தகைய நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2005ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரையின்படி, 1950களில் 29 சதவீதமாக இருந்த தவறான கணிப்பு, 1970களுக்குப் பிறகு 4 சதவீதமாகக் குறைந்தது.

சோதனைகளுக்கும் எல்லை உண்டு. நரம்புக் கடத்தல் சோதனை பெரிய நரம்பிழைகளை மட்டுமே அளக்கிறது. எரிச்சலையும் வெப்பத்தையும் உணர்த்தும் நுண்ணிழைகள் பழுதானால் முடிவு ‘நார்மல்’ என்றே வரும். எம்.ஆர்.ஐ. இதற்கு நேர்மாறு, தேவைக்கு மேல் காட்டிக்கொடுக்கும். முதுகுவலியே இல்லாதவர்களின் படங்களை அலசிய 2015 தொகுப்பு ஆய்வில் 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் தண்டுவட டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. படத்தில் தெரிவதெல்லாம் காரணமல்ல.

காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. திடீரென்று ஒரு பக்கம் மரத்து, முகம் கோணி, பேச்சு குழறினால் பக்கவாதம். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரமே அவகாசம். பாதத்தில் தொடங்கிய மரப்பு சில நாட்களில் மேலேறி, கால்கள் பலமிழந்தால் கில்லன்-பாரே நோயாக இருக்கலாம். 2025 தொடக்கத்தில் புணேயில் பரவியது இதுதான். தொடையிடுக்கு மரத்துச் சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மற்றவர்கள் டாக்டரிடம் போகுமுன் ஒரு வாரம் குறிப்பெடுக்கலாம்: எந்த விரல், எந்த நேரம், எவ்வளவு நிமிடம், அப்போது மூச்சு எப்படி இருந்தது, என்னென்ன மாத்திரைகள் உள்ளே போகின்றன. சர்க்கரை, பி12, தைராய்டு சோதனைகள், தோலில் தேமல் இருக்கிறதா என்ற பார்வை, இவற்றுக்குப் பிறகே ஸ்கேன். எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடாதவர்கள் உண்டு. கணிசமான நரம்பு நோயாளிகள் இந்த ரகம்தான். அவர்களுக்கும் எரிச்சலைக் குறைக்க மருந்து உண்டு, பாதத்தைக் காக்கும் வழி உண்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கும் தேவையும் உண்டு. ‘டென்ஷன்’ என்று டாக்டர் சொன்னால் நோயாளி கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “எதை வைத்துச் சொல்கிறீர்கள்?”