ஓடிவரும் காட்சியும் உரிமை வழக்கும்

ஊத்துக்கோட்டைக்கு அணித்தாக, ஆந்திர மாநிலத்தின் எல்லையைக் கடந்து கிருஷ்ணா நதியின் நீர் தமிழ்நாட்டினுள் புகுகின்றது. அவ்விடத்தை மக்கள் ‘ஜீரோ பாயிண்ட்’ என வழங்குவர். கண்டலேறு நீர்த்தேக்கத்தினின்று பூண்டி ஏரியை நோக்கி வரும் இந்நீர், 1983-ஆம் ஆண்டில் இரு மாநிலங்களும் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாய் வருவது. தேக்கத்திலுள்ள நீர் முழுவதும் ஒருங்கே பெயர்ந்து வருதல் இயலாதன்றோ? மதகின் வழியே சிறிது சிறிதாக விடப்பட்டு, கால்வாயில் ஓடி, எல்லையில் நொடிக்கு இத்துணைக் கனஅடியென அளக்கப்பட்டு அது வருகின்றது.

அக்கால்வாய்க் கரையில் நின்று கைப்பேசியில் திரைப்படம் காணும் இளைஞன் ஒருவனுக்குக் காட்சி வந்துசேரும் முறையும் இத்தகையதே. படம் முழுவதும் ஒருங்கே வருவதில்லை. எங்கோ தொலைவிலுள்ள கணினித் தேக்கத்தினின்று துண்டு துண்டாக ஓடிவந்து, வரவர அவன் கண்முன் விரிகின்றது. ‘ஸ்ட்ரீமிங்’ என்னும் ஆங்கிலப் பெயரும் நீரோட்டத்தைக் குறிக்கும் சொல்லினின்று பிறந்ததேயாம். நாம் அதனை ஈண்டுக் காட்சியோட்டம் எனக் குறிப்போம். ஓடிவரும் நீர்க்கு உரியார் உளர், அளவும் உளது, உடன்படிக்கையும் உளது. ஓடிவரும் காட்சிக்கு வழிகோலிய அறிவுக்கு உரியார் யாவர்? அவர்க்கு யார் எவ்வளவு கொடுத்தல் வேண்டும்? இவ்வினாக்களே இந்நாளில் பல நாட்டு நீதிமன்றங்களிலும் வழக்காகி நிற்கின்றன. இது சட்டம் பயில்வார்க்கே உரிய பொருளென நண்பர் சிலர் கருதக்கூடும். கும்மிடிப்பூண்டி முதல் ஸ்ரீபெரும்புதூர் வரை ஆலைத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் பல்லாயிரம் ஆகலின், இது நம்மனோர் யாவர்க்கும் உரியதென்பது கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

முதற்கண் காட்சி எங்ஙனம் ஓடிவருகின்றதென்பதைக் காண்போம். தெளிவான திரையொன்றில் அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் உள்ளன. ஆகப் புள்ளிகள் 20 இலட்சத்து 73 ஆயிரத்து 600. ஒவ்வொன்றன் நிறத்தையும் 24 குறிகளால் எழுதி, நொடிக்கு 30 படங்கள் வீதம் அனுப்பப் புகின், ஒரு நொடிக்கு ஏறக்குறைய 149 கோடிக் குறிகள் செல்லல் வேண்டும். நம் கைப்பேசிக்கு வருவனவோ நொடிக்கு ஏறக்குறைய 50 இலட்சம் குறிகளே. அஃதாவது முந்நூற்றில் ஒரு பங்கே வருகின்றது, எஞ்சியதைச் சுருக்கிவிடுகின்றனர்.

இச்சுருக்கம் இயல்வது எவ்வாறு? பழவேற்காட்டு ஏரியில் ஒரு படகு செல்லும் காட்சியை எண்ணுக. வானமும் கரையும் நொடிக்கு நொடி மாறுவன அல்ல. படகு ஒன்றே நகர்கின்றது. ஆகலின் முதற்படத்தை முழுவதும் அனுப்பிவிட்டு, அடுத்த படங்களுக்குப் ‘படகு இத்துணைத் தொலைவு நகர்ந்தது’ என்னும் செய்தியை மட்டும் அனுப்பினாற் போதும். இஃது ஒரு முறை. மக்கட் கண் எளிதில் உணராத நுண்ணிய வேறுபாடுகளைக் கணக்கினாற் பிரித்துக் கழித்துவிடுதல் மற்றொரு முறை. ஒரே படத்தை உயர்ந்த தெளிவிலும் தாழ்ந்த தெளிவிலும் பலவாறு எழுதி, சில நொடியளவுத் துண்டுகளாக நறுக்கி வைத்து, காண்போனுடைய இணைப்பின் விரைவுக்கேற்ப ஏற்றதோர் துண்டைத் தெரிந்து அனுப்புதல் மூன்றாவது முறை. பேருந்து ஊரைக் கடந்து வயல்வெளியிற் செல்லுங்கால் படம் நின்றுவிடாது மங்கலாகித் தொடர்வது இதனாலேயாம். இம்முறைகள் ஒவ்வொன்றும் பலருடைய பல்லாண்டு உழைப்பினால் திருந்தியவை.

அனுப்புவோன் ஒரு குறியீட்டிலும் பெறுவோன் மற்றொரு குறியீட்டிலும் நிற்பாராயின் காட்சி தோன்றாது. எனவே வல்லுநர் கூடி எச்.264 என்னும் பொது நியமத்தை 2003-ஆம் ஆண்டிலும், அதனினும் மிகச் சுருக்கும் எச்.265 என்பதை 2013-ஆம் ஆண்டிலும் வகுத்தனர். அந்நியமத்தைக் கையாள்வோர் அதனுள் அடங்கிய காப்புரிமைகளைக் கையாளாது தப்பவியலாது. ஆகையால் அவற்றின் உரிமையாளர், நேர்மையும் நியாயமும் ஓரவஞ்சனையின்மையும் உடைய விதிகளின்படி யாவர்க்கும் உரிமம் அளிப்பதாக வாக்குறுதி தருவர். நியாயமான விலை யாது என்பதிலேதான் பூசல் விளைகின்றது.

காப்புரிமை என்பது அரசுக்கும் புதுப்புனைவாளனுக்கும் இடையே நிகழும் ஓர் உடன்படிக்கை. தன் புனைவைப் பிறர் செய்து பார்க்கத்தக்க அளவு விளங்க எழுதி அவன் வெளியிடல் வேண்டும். அதற்கு ஈடாக, விண்ணப்பித்த நாள் முதல் 20 ஆண்டுகள், தன் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யாமலும் பயன்படுத்தாமலும் விற்காமலும் தடுக்கும் உரிமையை அரசு அவனுக்கு அளிக்கும். காலம் கழிந்தபின் அது யாவர்க்கும் பொதுவாம். பெற்ற தாலந்தை நிலத்திற் புதைத்து வைத்த ஊழியனைப் பற்றி நம் ஆண்டவர் அருளிய உவமையை நாம் அறிவோம். அறிவைப் புதையாது வெளிக்கொணர்ந்து பெருக்கச் செய்வதே இச்சட்டத்தின் நோக்கமுமாம். நம் நாட்டில் இத்தகைய சட்டம் முதன்முதல் 1856-ஆம் ஆண்டில் எழுந்தது. அவ்வாண்டின் முதல் விண்ணப்பம் பங்கா இழுக்கும் பொறி ஒன்றைப் பற்றியது. இப்பொழுது நடைபெறுவது 1970-ஆம் ஆண்டின் சட்டம். அதற்கு அடிகோலிய அறிக்கையை 1959-இல் அளித்தவர், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய இராஜகோபால ஐயங்கார் என்பது நாம் பெருமையுடன் நினைவுகூரத் தக்கது.

காப்புரிமை மீறப்பட்டதா என்பதை நீதிமன்றம் எங்ஙனம் துணியும்? ஒவ்வொரு காப்புரிமையின் இறுதியிலும் ‘இதுவே எனது’ என்று உரிமைக் கூற்றுகள் வரையறுத்து எழுதப்பட்டிருக்கும். மாடு கட்டி நீரிறைக்கும் கவலையை ஒருவன் புதிதாகப் புனைந்தானென வைத்துக்கொள்வோம். சால், அதன் அடியில் நீரை வெளிவிடும் தோற்குழாய், கயிறோடும் உருளை என்னும் மூன்றும் சேர்ந்ததே தன் புனைவு என்று அவன் எழுதியிருப்பின், அம்மூன்றையும் சேர்த்துக் கையாண்டவனே மீறினவன் ஆவான். தோற்குழாய் இன்றிச் சாலைக் கையாற் கவிழ்ப்பவன் பொதுவாக மீறினவன் ஆகான். இதனை எண்ணுந்தோறும் நன்னூலார் நூற்குற்றங்களை எண்ணுமிடத்துக் குன்றக்கூறலையும் மிகைபடக்கூறலையும் சேர்த்து வைத்தது நம் நினைவிற்கு வருகின்றது. உரிமையைக் குறுக்கி எழுதினால் மீறுவோன் எளிதில் தப்புவான். மிகுத்து எழுதினால் முன்னரே உலகறிந்த பொருளும் அதனுள் அகப்பட்டுக் காப்புரிமையே வீழும். வழக்கில் எதிரி கூறும் விடைகளும் பெரும்பாலும் மூன்றே: யான் அதனைக் கையாளவில்லை, அக்காப்புரிமை செல்லாது, கேட்கும் விலை நியாயமன்று.

இனி, பெரிய வழக்கொன்றை எடுத்துக்கொள்வோம். 2023-ஆம் ஆண்டு அக்டோபரில் பின்லாந்து நாட்டு நோக்கியா நிறுவனம், அமேசான் நிறுவனத்தின்மீது அமெரிக்கா, ஜெர்மனி, இங்கிலாந்து, இந்தியா ஆகிய நாடுகளிலும் ஐரோப்பிய ஒருங்கிணைந்த காப்புரிமை நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தமையை அறிவித்தது. பிரைம் வீடியோ என்னும் சேவையும் அமேசானின் காட்சியோட்டக் கருவிகளும் தன் காப்புரிமைகளை மீறுகின்றன என்பது அதன் குற்றச்சாட்டு. பல்லாண்டுகள் பேசியும் இணக்கம் எய்தாமையால் வழக்காட நேர்ந்ததென்றும் அது கூறிற்று. ஒரே பூசலுக்கு இத்துணை நாடுகளில் வழக்கு ஏன்? காப்புரிமை அதனை வழங்கிய நாட்டின் எல்லையளவே செல்லும். காட்சியோ எல்லைகளைக் கடந்து ஓடுகின்றது. ஆகவே பார்ப்போர் மிகுந்த நாடுதோறும் அணை கட்டித் தடுக்க முயல்கின்றனர்.

அமேசானும் வாளாவிருக்கவில்லை. மேகக் கணினித் துறையில் தன் காப்புரிமைகளை நோக்கியா மீறியதென 2024 ஜூலையில் அமெரிக்காவில் எதிர்வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் ஜெர்மனியின் மியூனிக் நகர நீதிமன்றம், அமேசானின் காட்சியோட்டக் கருவிகள் நோக்கியாவின் காப்புரிமை ஒன்றை மீறுவதாகத் தீர்ப்பளித்தது. இத்தகைய தீர்ப்பின் ஆற்றல், விற்பனையையே நிறுத்தும் தடையுத்தரவில் உளது. விற்பனை நின்றுவிடும் என்னும் அச்சமே இருதிறத்தாரையும் பேச்சுக்கு இழுக்கும். 2025 மார்ச்சு இறுதியில் இரு நிறுவனங்களும் உடன்பாடு செய்துகொண்டன. எல்லா நாட்டு வழக்குகளும் முடிந்தன. கொடுத்த தொகை வெளியிடப்படவில்லை.

இவ்வழக்கில் நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு. இருதிறத்தாரும் நம் பகுதிக்குப் புதியவரல்லர். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ஆம் ஆண்டு நோக்கியாவின் கைப்பேசி ஆலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளைஞரும் இளம்பெண்டிரும் அதனால் வாழ்வு பெற்றனர். 2014-இல் கைப்பேசித் தொழிலை அந்நிறுவனம் மைக்ரோசாப்டுக்கு விற்றபொழுது, வரித் தகராற்றினால் இவ்வாலை அவ்விற்பனையிற் சேராது நின்று, அவ்வாண்டு நவம்பரில் மூடப்பட்டது. அமேசானோ, தொலைக்காட்சியில் செருகிக் காட்சியோட்டம் காணும் பயர் டிவி ஸ்டிக் என்னும் கருவியை, பாக்ஸ்கான் குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றைக் கொண்டு சென்னையிற் செய்விக்கப் போவதாக 2021 பெப்ரவரியில் அறிவித்தது. இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குக. நோக்கியா கைப்பேசித் தொழிலை விற்றது, காப்புரிமைகளை விற்கவில்லை. ஆலை மூடிற்று, இயந்திரங்கள் ஓய்ந்தன, தொழிலாளர் வேறு வேலை தேடிச் சென்றனர். எழுதி வைத்த அறிவு மட்டும் ஓயாது உழைத்து, பத்தாண்டுகளுக்குப் பின்னும் பொருள் ஈட்டித் தருகின்றது. கையுழைப்பு நம்முடையது, உரிமைப் பத்திரம் பிறருடையது. இதுவே நாம் உணர்தற்குரிய உண்மை.

இதனால் நம்மவர்க்கு அறிவுக் குறை உண்டென்பது பொருளன்று. மேற்கூறிய சுருக்க முறைகளுள், படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கினால் மாற்றி எழுதும் முறையொன்று உளது. அதனை 1974 ஜனவரியில் ஆய்விதழொன்றில் வெளியிட்டவர் மூவர்: பெங்களூரிற் பிறந்த நசீர் அகமது, அவர்தம் மாணவர் நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952-ஆம் ஆண்டு பொறியியற் பட்டம் பெற்ற கே. ஆர். ராவ். இன்று உலகில் ஓடும் காட்சிகளிற் பெரும்பாலான அக்கணக்கினையோ அதன் வழிவந்த கணக்குகளையோ கொண்டு சுருக்கப்பட்டவையே. அதனை அவர்கள் ஊருணி நீர்போல் யாவரும் முகந்துகொள்ளுமாறு அச்சிட்டு வைத்தனர். அவ்வூருணியின் கரையிலேயே பின்வந்தோர் காப்புரிமை மதில்களை எழுப்பினர்.

வெறுங் கணக்குமுறையும் தனித்த கணினி நிரலும் காப்புரிமைக்கு உரியன அல்ல என்பது இந்தியச் சட்டத்தின் 3(கே) பிரிவு. எண்ணும் எழுத்தும் ஒருவர்க்கே உரியவாதல் தகாதென்னும் நல்லெண்ணம் அதிலுளது. ஆயினும், தொழில்நுட்பப் பயனை விளைக்கும் புனைவு கணினி நிரலைச் சார்ந்ததென்னும் காரணத்தாலேயே தள்ளப்படாதென 2019-இல் டெல்லி உயர்நீதிமன்றம் விளக்கியது. காட்சியோட்ட வழக்குகள் பல இவ்வெல்லைக் கோட்டின்மீதே நிற்கின்றன.

இவ்வழக்குகளில் மற்றொரு துன்பம் காலத்தாழ்வு. டிவிடி வட்டுக் கருவிகளைப் பற்றிப் பிலிப்ஸ் நிறுவனம் டெல்லியில் 2009-இல் தொடுத்த வழக்குகளில் தீர்ப்பு 2018 ஜூலையில் வந்தது. கருவி ஒன்றுக்கு 3.175 டாலர் எனவும், 2010 மே இறுதி முதல் 1.90 டாலர் எனவும் உரிமைத் தொகையை நீதிமன்றம் வரையறுத்தது. அக்காப்புரிமையின் காலமோ 2015-லேயே முடிந்துபோயிற்று. வட்டுகளும் வழக்கொழிந்து காட்சியோட்டம் அவற்றின் இடத்தைப் பற்றிக்கொண்டிருந்தது. நெடிது தாழ்க்கும் நீதி, பொருள் மிக்கவர்க்கன்றிப் பிறர்க்குப் பயன்படாது. சென்னை உயர்நீதிமன்றத்தில் 2023-ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துரிமைக்கெனத் தனிப்பிரிவு அமைந்தமை இக்குறையை நீக்க உதவும் என நம்புகின்றோம்.

முடிவாக நாம் கூறுவது யாது? காப்புரிமையை வெறுத்தலும் வேண்டா, வழிபடுதலும் வேண்டா. உழைத்தவன் கூலி பெறுதல் அறம். வழியை அடைத்து மிகைவிலை கேட்டல் அறமன்று. இரண்டிற்கும் நடுவே நியாயமான அளவைக் காண்பதே நீதிமன்றத்தின் கடமை. நம் கடமையோ வேறு. கும்மிடிப்பூண்டி ஆலையில் ஒரு தொழிலாளி, தான் நடத்தும் பொறியில் நுட்பமானதொரு திருத்தம் செய்வானாயின், அதனை அவன் யாரிடம் எம்மொழியிற் கூறுவான்? காப்புரிமை விண்ணப்பங்களை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் அளித்தல் வேண்டும் என்பது விதி. அவனோ தமிழ் ஒன்றே அறிவான். அவனுடைய எண்ணம் அவன் நாவிலேயே நின்று மாய்கின்றது. புதைத்தவன் அவனல்லன், புதைபடுவது மட்டும் அவன் தாலந்து.

தமிழ் பயிலும் நமக்கு இங்கே ஒரு பணி உளது. பொறிகளின் உறுப்பையும் செயலையும் குன்றாமலும் மிகையாமலும் உரைக்கவல்ல உரைநடையை நாம் ஆக்குதல் வேண்டும். உரிமைச் சட்டத்தை ஆலைவாயிலில் நிற்பவனும் உணருமாறு தமிழில் எழுதுதல் வேண்டும். கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகத்தின் படிகளை அவன் அஞ்சாது ஏறுமாறு உடன் செல்லுதலும் வேண்டும். பிறர் தேக்கத்தினின்று ஓடிவரும் நீரை எல்லையில் நின்று அளந்து பெறுவதோடு அமையாது, நம் நிலத்தின் ஊற்றையும் தோண்டுவோமாக.