அமெரிக்க உதைபந்தாட்டம்: நம் பிள்ளைகளுக்கு ஏற்ற வடிவம் எது?

கண்டிக்கு அருகே மடவளையில் வாழும் எனக்கு முட்டை வடிவப் பந்து என்றாலே றகர்தான். நித்தவலை மைதானமும் பிரட்பி கேடயமும் எங்கள் ஊர்ப் பேச்சில் கலந்தவை. அதையொத்த பந்தில் ஆடப்படும் அமெரிக்க உதைபந்தாட்டத்திற்கும் இளையோர் உலகக் கிண்ணம் உண்டு என்பது இங்கு பலருக்குத் தெரியாது.

19 வயதுக்குட்பட்டோருக்கான இச்சுற்றுப்போட்டி 2009 இல் அமெரிக்காவின் கான்டன் நகரில் 8 நாடுகளுடன் தொடங்கியது. அமெரிக்கா வென்றது. 2012 இல் கனடா கிண்ணத்தைப் பறித்தது. 2014 இல், நம்மவர் பலர் உழைக்கும் குவைத்திலேயே போட்டிகள் நடந்தன. அமெரிக்கா மீண்டும் வென்றது. 2016, 2018 இரண்டிலும் கனடாவே.

றகரில் அணிக்கு 15 பேர்; இதில் 11 பேர். றகரில் பந்தை முன்னோக்கி எறிய முடியாது, இதில் எறியலாம். நான்கு முயற்சிகளுக்குள் 10 யார் முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்துடன் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடந்தால் 6 புள்ளிகள்.

ஆனால் தலைக்கவசமும் தோள்கவசமும் இன்றி இதை ஆட முடியாது. கவசம் அணிந்தும் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சிக்கு உள்ளாவோர் உண்டு. போரில் எல்லாம் இழந்து மீண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இந்தச் செலவும் ஆபத்தும் வேண்டுமா?

மாற்று வழி இருக்கிறது. மோதலுக்கு இடமில்லாத 'கொடி' வடிவத்தில் அணிக்கு 5 பேர். பந்து வைத்திருப்பவரின் இடுப்புப் பட்டியில் தொங்கும் நாடாவை உருவினால் அவரது ஓட்டம் முடிந்தது. 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண், பெண் இருபாலாருக்கும் இது இடம்பெறுகிறது. பழகுவதற்கு ஒரு பந்தும் சில துணிப்பட்டிகளும் போதும். கிளிநொச்சியிலோ மடவளையிலோ பாடசாலை மைதானத்தில் நாளைக்கே தொடங்கலாம் என்பதே என் எண்ணம்.