படகுக்குக் கால் முளைத்தால்

கோயம்புத்தூர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் மினசோட்டாவில் இருக்கும் என் மகன் ஏரிக்கரையில் வீடு வாங்கி, பான்டூன் படகும் வாங்கிவிட்டான். இப்போது படகின் அடியிலேயே கால்களைப் பொருத்தி, தண்ணீருக்கு மேல் தூக்கி நிறுத்தும் லிஃப்ட் வேண்டும் என்கிறான். இது வேலை செய்யுமா, காசு பிடுங்கும் வித்தையா?"

வேலை செய்யும். எங்கே என்பதில்தான் சிக்கல். விளம்பரக் காணொளிகளில் வெயில் அடிக்கும், அலை இருக்காது, ஏரியின் அடித்தரை மணலாக இருக்கும். ரிமோட்டில் பொத்தானை அழுத்தினால் படகு எழுந்து நிற்கும். உங்கள் மகனின் கரை அப்படித்தானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு நீண்ட அலுமினியக் குழாய்கள், மேலே ஒரு தட்டையான தளம். பான்டூன் படகு அவ்வளவுதான். அதை ஏன் தூக்க வேண்டும்? தண்ணீரிலேயே கிடந்தால் குழாயில் பாசி பிடிக்கும், ஜீப்ரா சிப்பி ஒட்டும், உலோகம் அரிக்கும், அலை அதைத் துறையில் மோதிக்கொண்டே இருக்கும். வழக்கமான லிஃப்ட் ஏரித்தரையில் தனியாக நிற்கும் ஒரு சட்டகம். மினசோட்டாவில் குளிர்காலத்தில் ஏரி உறைந்து, பனிக்கட்டி நகர்ந்து எல்லாவற்றையும் நசுக்கும் என்பதால், இலையுதிர் காலத்தில் அதைக் கரைக்கு இழுத்துப் போட வேண்டும். ஓர் ஏரியிலிருந்து எடுத்த லிஃப்டை 21 நாள் கழியாமல் வேறு ஏரியில் இறக்கக் கூடாது என்று அங்கே சட்டமும் உண்டு. கால்கள் படகோடே இருந்தால் தனியாக இழுத்துப் போடும் வேலை மிச்சம். மகனின் ஆசையில் நியாயம் இருக்கிறது.

வரலாறு இல்லாமல் ஆசிரியர் கட்டுரையை விடமாட்டார் என்பதால் சுருக்கமாக: 1950களின் தொடக்கத்தில், அதே மினசோட்டாவில், ஆம்ப்ரோஸ் வீரெஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து, மேலே மரத்தளம் போட்டு மிதக்கவிட்டார். திரவ அழுத்தத்தால் விசையைப் பெருக்கும் இயந்திரத்துக்கு ஜோசப் பிராமா 1795-இல் காப்புரிமை பெற்றார். இரண்டையும் சேர்த்தால் நம் சமாச்சாரம் வந்துவிடுகிறது. போதும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. மடங்கிய கால்கள் தளத்துக்கு அடியில் படுத்திருக்கின்றன. ஒரு முனை படகின் சட்டத்தில் கீல் போட்டது, மறுமுனையில் பாதத்தகடு. ஹைட்ராலிக் சிலிண்டர் தள்ளத் தள்ளக் கால் வளைவாக இறங்கித் தரையைத் தொடும். மேலும் நிமிர நிமிரப் படகு எழும். கால் கிட்டத்தட்டப் படுத்திருக்கும்போது சிலிண்டருக்குப் படுகஷ்டம்; நிமிர்ந்துவிட்டால் சுலபம். எடை முழுதும் காலில் இருக்கிறது என்று வைத்து ஒரு கணக்கு: கால் கிடையிலிருந்து 30 பாகையில் இருக்கையில் தேவையான திருப்புவிசை 87 என்றால், 60 பாகையில் 50, 80 பாகையில் வெறும் 17.

ஆனால் தொடக்கத்தில் எடை காலில் இல்லையே, தண்ணீர் அல்லவா தாங்குகிறது! பந்தியில் சம்மணமிட்டுச் சாப்பிட்டு முடித்த பெரியப்பா எழுவதைப் பார்த்திருப்பீர்கள். முழங்கால் மடிந்திருக்கும்போதுதான் பாடு. அந்த நேரத்தில் இரண்டு மருமகன்கள் அக்குளில் கை கொடுக்கிறார்கள். கால் நிமிர நிமிர அவர்கள் பிடி தளர்கிறது. அந்த மருமகன்கள்தான் தண்ணீர். வயிற்றில் இறங்கிய பாயசம், படகில் ஏறிய கூட்டம். கையோடு எடுத்துக்கொள்ளும் வெற்றிலைச் செல்லம், ஐஸ் பெட்டி. இலையோரம் சிந்திய ரசம், ஏரிச் சேறு. பெரியப்பா பாவம், இத்தோடு விட்டுவிடுகிறேன்.

மருமகன்கள் எவ்வளவு வேகமாகக் கையை எடுக்கிறார்கள்? 63.5 செ.மீ. விட்டமும் 6.7 மீட்டர் நீளமும் உள்ள இரண்டு குழாய்கள், மொத்த எடை 1,200 கிலோ என்று வையுங்கள். படகு சுமார் 21 செ.மீ. அமிழ்ந்திருக்கும். முதல் பாதி தூரம் எழுவதற்குள்ளேயே எடையில் 60 விழுக்காட்டுக்கு மேல் காலுக்கு வந்துவிடுகிறது. உருண்டைக் குழாயின் அடிப்பக்கம் குறுகலானது, கடைசிப் பாதியில் தண்ணீர் தாங்குவது கொஞ்சம்தான்.

இதிலிருந்து ஒரு விசித்திரம். ஆழமான இடத்தில்தான் தூக்குவது கஷ்டம் என்று தோன்றும். உண்மையில், ஆழம் குறைந்த கரையில்தான் கால் பாதி மடிந்த நிலையிலேயே தரையைத் தொடுகிறது. அது நிமிரும் முன்பே தண்ணீர் கைவிட்டுவிடுகிறது. சிலிண்டர் அங்கேதான் முக்கும். ஆழம் அதிகமானால் வேறு தொல்லை: கால் முழுதும் நிமிர்ந்த பிறகும் குழாய் தண்ணீரிலேயே இருக்கும். ஆக, ஒவ்வொரு காலுக்கும் ஓர் ஆழ வரம்பு உண்டு, இரு பக்கமும்.

அடுத்தது அடித்தரை. 30 செ.மீ. சதுரத் தகடுகள் நான்கு என்றால், சதுர மீட்டருக்குச் சுமார் 3.3 டன் அழுத்தம். ஒற்றைக்காலில் நிற்கும் மனிதர் கொடுப்பதும் ஏறக்குறைய இதுவே. மகன் அந்த இடத்தில் இறங்கி ஒற்றைக்காலில் நின்று பார்க்கட்டும். இடுப்பளவு தண்ணீரில் அவர் எடையும் குறைந்துவிடும் என்பதால், லேசாகப் புதைந்தாலே படகு நன்றாகப் புதையும் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சில்லறைச் சங்கதிகள்: கால் வளைவாக நிமிர்வதால் படகு நேராக எழாது, நகர்ந்தபடி எழும், துறையில் இடிக்காமல் இடம் வேண்டும். லிஃப்டின் எடையை எப்போதும் சுமக்க வேண்டும். நம் கணக்குப் படகில் ஒவ்வொரு 100 கிலோவுக்கும் ஒன்றேகால் செ.மீ. கூடுதலாக அமிழும். மழையில் ஏரி மட்டம் உயர்ந்தால் நிறுத்திய படகு மறுபடி மிதக்கும், எனவே கயிறு கட்டாமல் போகக் கூடாது.

கெட்டியான அடித்தரை, அதிகம் ஏறி இறங்காத நீர்மட்டம், பல ஏரிகளுக்குப் போகும் பழக்கம் என்றால் வாங்கலாம். சேற்றுக் கரை, ஒரே ஏரி என்றால் பழைய சட்டகமே மேல். எதுவானாலும், விற்பவர் 'இத்தனை கிலோ தூக்கும்' என்று சொன்னால், எத்தனை அடி ஆழத்தில் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை எழுதித் தராதவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.