ஸ்பீடு முள் படுத்துடுச்சா? மீட்டரை மாத்த அவசரப்படாதீங்க!

பரவை: மதுரை-திண்டுக்கல் ரோட்டில் பரவை மார்க்கெட்டைத் தாண்டி கார் போய்க்கொண்டிருக்கிறது. திடீரென ஸ்பீடு முள் ஜீரோவில் படுத்துவிடுகிறது. கிலோமீட்டரும் ஓடவில்லை. வாடகைக் கார் என்றால் டிரிப் கணக்கே போச்சு! "மீட்டர் அவுட்" என்று உடனே பணத்தைக் கொட்டாதீங்க.

சென்சார் வேலை என்ன?

கேபிள் இல்லாத பல கார்களில் கியர் பாக்ஸில் ஸ்பீடு சென்சார் இருக்கும். சக்கரம் சுற்றச் சுற்ற சிக்னல் அனுப்பும். அதை எண்ணித்தான் மீட்டர் வேகம் காட்டுகிறது.

கண்டுபிடிப்பது எப்படி?

* முதலில் பியூஸ் பாருங்க. பிறகு சென்சார் பிளக்கைக் கழற்றி, தண்ணீர், பச்சைக் களிம்பு, எலி கடித்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்க.

* ஸ்கேனரில் பி0500 என்று வந்தால் வேக சிக்னலில் கோளாறு. சென்சார்தான் போச்சு என்று அர்த்தமில்லை. ஒயராகவும் இருக்கலாம்.

* மூன்று ஒயர் சென்சாரில் ஒன்று கரண்ட், ஒன்று எர்த், ஒன்று சிக்னல். சாவியை ஆன் செய்து மல்டிமீட்டரில் பாருங்க. கரண்டோ எர்த்தோ வராவிட்டால் கோளாறு ஒயரிங்கில்.

* இரண்டும் வந்தால், பிளக்கைத் திரும்ப மாட்டி, என்ஜின் இழுக்கும் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுங்க. மற்ற சக்கரங்களுக்குக் கல் வையுங்க. நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் சிக்னல் ஒயரில் வோல்ட் ஏறி இறங்கணும். ஏறி இறங்கினால் சென்சார் ஓகே. மீட்டர் பக்கம் தேடுங்க. அசையவே இல்லையா? சென்சாரையும் அதைச் சுற்றும் பல்சக்கரத்தையும் கழற்றிப் பாருங்க.

ஏ.பி.எஸ். உள்ள சில கார்களில் சக்கர சென்சாரே வேகம் சொல்லும். அதை மெக்கானிக்கிடம் விட்டுடுங்க.

சரியாகும் வரை ஹைவேயில் முன்வண்டிக்கு இடைவெளி விட்டு மெதுவா ஓட்டுங்க!